கார் ஒடுக்கெடுத்தலும் பட்டி பார்த்தலும்

கார் ஒடுக்கெடுத்தலும் பட்டி பார்த்தலும் என்பது, மோதலிலோ உரசலிலோ நெளிந்த காரின் வெளித் தகட்டை நிமிர்த்தி, எஞ்சும் சிறு மேடுபள்ளங்களைப் பட்டி எனப்படும் பசையால் நிரவி, தேய்த்துச் சமப்படுத்தி, வண்ணம் பூசுவதற்கு ஏற்றதாக்கும் வேலையாகும். பட்டறைகளில் தகட்டை நிமிர்த்தும் பகுதி டிங்கரிங் என்றும், நிரவும் பகுதி பட்டி பார்த்தல் என்றும் வழங்கப்படுகிறது. ‘பட்டி, டிங்கரிங் பார்த்தல்’ என்ற தொடர், பழையதை வெளித்தோற்றத்தில் புதிதாக்குவதைக் குறிக்கும் கேலிச் சொல்லாகப் பேச்சுத் தமிழில் புழங்குகிறது. உள்ளே உள்ள குறையைப் பட்டி மறைத்துவிடும் என்பதே அந்தக் கேலியின் பொருள்.

முறையாகச் செய்யப்பட்ட வேலையில் பட்டி எதையும் மறைப்பதில்லை. துருவில்லாத, நன்கு நிமிர்த்தப்பட்ட தகட்டின் மேல் ஓரிரு மில்லிமீட்டர் பள்ளத்தை நிரவுவது மட்டுமே அதன் பணி. உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இந்த வரம்பை மீறினால் அதன் விளைவு விரைவில் வெளியே தெரிந்துவிடும்.

போலகமும் கடலோரச் சூழலும்

போலகம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த ஊராகும். இங்கு பிப்டிக் நிறுவனத்தின் தொழில் வளர்ச்சி மையம் அமைந்துள்ளது. அருகிலுள்ள கீழவாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் 2009 முதல் இயங்கி வருகிறது. காவிரிப் படுகை வங்கக் கடலைத் தொடும் இந்தத் தாழ்நிலத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது.

அலை உடையும்போது எழும் நுண்ணிய நீர்த்திவலைகள் காய்ந்து உப்புத் துகள்களாகக் காற்றில் மிதந்து வந்து, வாகனங்களின் மேலும் கதவு இடுக்குகளிலும் படிகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது, சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானாகவே கரைந்துவிடும். எனவே மழை பெய்யாத நாளிலும், கீறல் விழுந்த தகட்டின் மேல் உப்புநீர்ப் படலம் உருவாகலாம். இந்த உப்புநீர் மின்னோட்டத்தைக் கடத்துவதால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. துரு, அது உருவான இரும்பைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்கிறது. வண்ணமும் பட்டியும் கொப்புளித்து எழுவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கார்த் தகட்டின் பள்ளங்களை நிரவ ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு பயன்படுத்தப்பட்டது. தகட்டைச் சூடாக்கி, கலவையை உருக்கி, மரக்கரண்டியால் பரப்பி, பின்னர் அரத்தால் ராவினர். இந்த முறை உறுதியானது; உலோகத்தோடு உலோகமாகப் பிணைந்து நின்றது. ஆனால் அதிகத் திறமையும் நேரமும் தேவைப்பட்டன. ஈயத் தூளும் புகையும் தொழிலாளியின் உடலில் சேர்ந்தன.

1950-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் பிசினால் ஆன பட்டி விற்பனைக்கு வந்தது. ‘போண்டோ’ என்ற வணிகப் பெயர் அந்நாட்டில் பட்டிக்கே பொதுப்பெயராகிவிட்டது. நெருப்பில்லாமல், அரை மணி நேரத்தில் தேய்க்கத் தயாராகும் இந்தப் பொருள் சிறு பட்டறைகளுக்கும் எட்டியது. எளிதாகக் கையாள முடிந்ததால், நிமிர்த்த வேண்டிய தகட்டை நிமிர்த்தாமலேயே பள்ளத்தை நிரப்பிவிடும் பழக்கமும் அதனோடு வளர்ந்தது.

பட்டியின் வகைகளும் வேதியியலும்

இன்று பரவலாகப் பயன்படும் பட்டி இரு கூறுகளைக் கொண்டது. முதற்கூறு நிறைவுறா பாலியெஸ்டர் பிசின், ஸ்டைரீன், மாக்கல் பொடி ஆகியவை சேர்ந்த பசை. இரண்டாவது கூறு ஹார்டனர் எனப்படும் கெட்டியாக்கி. இதில் பென்சாயில் பெராக்சைடு உள்ளது. இரண்டும் கலந்தவுடன் பிசினின் நீண்ட மூலக்கூறுகள் ஸ்டைரீன் வழியாகக் குறுக்காகப் பிணைந்து திண்மமாகின்றன. இந்த வினையில் வெப்பம் வெளிப்படும். பெயிண்டைப் போல ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை என்பதால் இந்தப் பட்டி குறைவாகவே சுருங்குகிறது.

கெட்டியாக்கியின் அளவு பொதுவாகப் பசையின் எடையில் 2 விழுக்காடு, அதாவது 100 கிராம் பசைக்கு 2 கிராம். கெட்டியாக்கி சிவப்பு போன்ற நிறத்தில் வருவது, கலவை சீராகச் சேர்ந்ததா என்பதைக் கண்ணால் அறிவதற்காகத்தான். அளவு குறைந்தால் பட்டி அடியில் மென்மையாகவே நின்று, வண்ணம் பூசிய பின் அமுங்கும். அளவு கூடினால் மிஞ்சிய பெராக்சைடு மேலேறி வண்ணத்தில் கறையாகத் தெரியும், ஊசித்துளைகளும் கூடும். காரைக்கால் கோடையின் நண்பகலில் கலவை சில நிமிடங்களில் இறுகிவிடும். அப்போது செய்யத்தக்கது கெட்டியாக்கியைக் கண்டபடி குறைப்பதல்ல. சிறு அளவாகக் கலந்து, நிழலில், காலை அல்லது மாலை வேளையில் பூசுவதே.

என்.சி. பட்டி எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பட்டி வேறு வகை. இது கரைப்பான் ஆவியாவதால் காய்கிறது, ஆகவே சுருங்கும். ஊசித்துளைகளையும் உப்புத்தாள் கீறல்களையும் அடைக்க மட்டுமே ஏற்றது. விலை மலிவு என்பதால் பள்ளங்களில் கனமாகப் பூசினால், சில வாரங்களில் பள்ளத்தின் ஓரக்கோடு வண்ணத்தின் மேல் தெரியத் தொடங்கும்.

வேலை முறை

1. கழுவுதல். முதலில் தகடு நல்ல தண்ணீரால் கழுவப்பட்டு, மெழுகும் எண்ணெயும் போகத் துடைக்கப்படுகிறது. உப்பையும் மெழுகையும் துடைக்காமல் தேய்த்தால் அவை தேய்த்த கீறல்களுக்குள்ளேயே புதையும்.

2. ஒடுக்கெடுத்தல். காரின் வெளித் தகடு பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புடையது. மோதலில் சில இடங்கள் மடிந்து இறுகும். சுற்றியுள்ள பரப்பு அந்த மடிப்பால் இழுக்கப்பட்டு வளைந்து நிற்கும். மடிப்பையும் ஒடுக்கின் விளிம்பையும் முதலில் விடுவித்தால் எஞ்சிய பரப்பு பெருமளவு தானாக மீளும். நடுப்பள்ளத்தை உள்ளிருந்து ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, அழுத்தும்போதெல்லாம் டப்பா மூடி போல உள்ளும் வெளியுமாகத் துள்ளும். அதனால் உள்ளே டாலி எனப்படும் கைக்கடக்கமான இரும்புப் பட்டடையைப் பிடித்து, வெளியே சுத்தியலால் மெல்லத் தட்டி, உயர்ந்ததைத் தாழ்த்தித் தாழ்ந்ததை உயர்த்துவர். உட்புறம் கை நுழையாத இடங்களில் தகட்டின் மேல் வளையங்களையோ முளைகளையோ பற்றவைத்து வெளியே இழுப்பர்.

பழைய பட்டறை முறையில் தகட்டில் துளையிட்டுக் கொக்கி மாட்டி இழுப்பது வழக்கம். இந்தத் துளைகள் பின்னர் பட்டியால் மூடப்பட்டாலும், பின்புறத்திலிருந்து ஈரக்காற்று அவற்றின் வழியே பட்டியை அடைகிறது. கடலோரத்தில் இம்முறை தவிர்க்கத்தக்கது. பற்றவைத்து இழுக்கும்போதும் தகட்டின் பின்புறப் பூச்சு கருகிவிடும். அந்த இடத்தில் துருத்தடுப்பு மெழுகோ பூச்சோ அடிக்காமல் விட்டால் துரு உள்ளிருந்து தொடங்கும்.

3. தகட்டைத் தயாரித்தல். ஒடுக்கையும் அதைச் சுற்றிச் சில அங்குல அகலத்தையும் 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துப் பழைய வண்ணத்தையும் துருவையும் நீக்குவர். தாளின் எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும். பளபளப்பான தகட்டில் பட்டிக்குப் பிடிப்பு கிடைக்காது. கீறல்களே அதன் பிடிமானம். தேய்த்த வெற்றுத் தகட்டை ஈரப்பதம் மிகுந்த காற்றில் இரவு முழுதும் விடக்கூடாது. ஒரே இரவில் மெல்லிய செம்படலம் படியலாம். அதன் மேல் பூசப்படுவது துருவின் மேல்தான் ஒட்டும். எபாக்சி பிரைமரை முதலில் அடித்து, அது இறுகிய பின் தேய்த்து, அதன் மேல் பட்டி பூசும் முறை கடலோரப் பகுதிகளுக்கு ஏற்றது. அமிலம் கலந்த பிரைமரின் மேல் பாலியெஸ்டர் பட்டியைப் பூசினால் பிடிப்பு கெடும்.

4. கலத்தலும் பூசுதலும். பசையையும் கெட்டியாக்கியையும் வழுவழுப்பான பலகையில் வைத்து, அடித்துக் குழைக்காமல் மடித்து அழுத்திக் கலக்க வேண்டும். அடித்தால் காற்றுக் குமிழிகள் புகும். முதற்பூச்சை மெல்லியதாக அழுத்தித் தேய்த்துக் கீறல்களுக்குள் ஏற்றி, அதன் மேல் சற்றுக் கனமாக இழுப்பர். ஒரே தடவையில் கனமாக அப்புவதைவிட, ஒவ்வொரு பூச்சும் இறுகிய பின் அடுத்ததைப் பூசுவது நல்லது. தேய்த்து முடித்தபின் பட்டியின் தடிப்பு 3 மில்லிமீட்டருக்குள் இருப்பது சிறந்தது. 6 மில்லிமீட்டர் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு. அதற்கு மேல் தேவைப்பட்டால் தகடு இன்னும் நிமிரவில்லை என்று பொருள். வெயிலில் தகடு சூடாகி விரியும் அளவும் பட்டி விரியும் அளவும் வேறு வேறு. கனத்த பட்டி வெடிப்பதற்கும் விளிம்பில் பிரிவதற்கும் இது ஒரு காரணம்.

5. தேய்த்தல். சுமார் 20 முதல் 30 நிமிடங்களில் பட்டி தேய்க்கத் தயாராகும். விரல்களால் நேரடியாகத் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் பதிந்த இடமெல்லாம் குழியாகும்; ஆகவே தட்டையான கட்டையில் தாளைச் சுற்றித் தேய்ப்பர். 80-இல் வடிவம் கொண்டுவந்து, 120 அல்லது 180-இல் செம்மைப்படுத்தி, 240 அல்லது 320-இல் விளிம்பைத் தகட்டோடு மெல்லக் கரையவிடுவர். கரும்பொடி ஒன்றை மேலே தடவித் தேய்த்தால் பள்ளங்களில் கருமை எஞ்சி அவற்றைக் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அலைவை உள்ளங்கை உணரும். மெல்லிய துணியின் மேல் கையை நீளவாக்கில் ஓட்டிப் பார்ப்பது அனுபவமிக்க தொழிலாளர்களின் வழக்கம்.

6. பிரைமரும் வண்ணமும். பட்டியின் மேல் சர்ஃபேசர் எனப்படும் நிரப்பும் பிரைமர் அடித்து, 400 முதல் 600 வரையிலான எண் தாள்களால் தேய்த்த பின் வண்ணம் அடிக்கப்படுகிறது. மெட்டாலிக் வண்ணமானால் அதன் மேல் நிறமற்ற கிளியர் பூச்சு வரும். சுற்றியுள்ள பழைய வண்ணம் வெயிலில் சற்று வெளுத்திருக்கும் என்பதால், புதிய வண்ணத்தை அண்டைப் பகுதிக்குள் மெல்லப் பரவவிட்டு வேறுபாட்டைக் கரைப்பர்.

தண்ணீர்த் தாளும் உப்புநீரும்

புழுதி எழாது, தாள் நீண்ட நேரம் உழைக்கும் என்பதால் பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் வழக்கம் இந்தியப் பட்டறைகளில் பரவலாக உள்ளது. ஆனால் தேய்த்த பட்டியின் பரப்பு நுண்துளைகள் நிறைந்தது; அது தண்ணீரை உறிஞ்சும். உள்ளே ஈரம் இருக்கும்போதே பிரைமர் அடித்து மூடினால், அந்த ஈரம் கீழே தகட்டையும் மேலே பூச்சையும் தாக்கும்.

நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள கடலோர ஊர்களில் இந்தத் தீங்கு இரட்டிப்பாகிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு பட்டியிலேயே தங்கிவிடும். வண்ணப் படலம் நீராவியை முழுவதும் தடுப்பதில்லை. அடியில் உப்பு இருந்தால் சவ்வூடு பரவல் மூலம் வெளியீரம் படலத்தின் வழியே உள்ளிழுக்கப்பட்டு, சிறுசிறு கொப்புளங்கள் தோன்றும். எனவே பட்டியை உலர்வாகத் தேய்த்து, புழுதியை உறிஞ்சியால் அகற்றுவதே சிறந்த முறை. தண்ணீர்த் தாளை அதன் மேலுள்ள பிரைமருக்கும் வண்ணத்துக்கும் மட்டும், அதுவும் உப்பற்ற நீரோடு, பயன்படுத்தலாம். தவிர்க்க முடியாமல் பட்டி நனைந்துவிட்டால், பிரைமர் அடிப்பதற்கு முன் அது முழுவதும் உலரும்வரை காத்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் இன்னொரு குறை தோன்றும். விரைவில் ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்விப்பதால் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, வண்ணம் வெளிறிப் பால்போல் மங்கும். மெதுவாக ஆவியாகும் தின்னரைப் பயன்படுத்துவதாலும் மழை ஓய்ந்த வேளையில் அடிப்பதாலும் இதைக் குறைக்கலாம்.

பட்டி பயன்படாத இடங்கள்

கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவிலும் தோன்றும் கொப்புளங்கள் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வந்த துருவே. கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் உள்ளன. மண்ணும் மணலும் அவற்றை அடைத்தால் உப்பு கலந்த நீர் தேங்கி, தகடு பின்புறமிருந்து அரிக்கப்படும். வெளியே காசளவில் தெரியும் ஓட்டைக்குப் பின்னால் உள்ளங்கையளவு தகடு மெலிந்திருக்கலாம். அந்த ஓட்டையில் வலையும் பட்டியும் வைத்து அடைத்தால் துரு நிற்காது. அரித்த பகுதியை நல்ல தகடு தென்படும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு பற்றவைத்து, உட்புறம் துருத்தடுப்பு அடித்த பிறகே மேற்பரப்பில் பட்டிக்கு இடம் உண்டு.

காரின் சட்டம், தூண்கள், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள் ஆகியவை மோதலின் விசையைத் தாங்கி உள்ளிருப்போரைக் காப்பவை. பட்டிக்கு அத்தகைய வலிமை சிறிதும் இல்லை. அங்கே பட்டி பூசுவது பழுதுபார்த்தலாகாது; ஆபத்தை ஒளித்து வைப்பதாகும். நெகிழும் பிளாஸ்டிக் பம்பருக்குச் சாதாரணப் பட்டி வெடித்துவிடும். அதற்கென உள்ள நெகிழ்பட்டி வேண்டும். வண்ணம் உடையாத சிறு ஒடுக்குகளை உள்ளிருந்து கம்பியால் மெல்லத் தள்ளி எடுக்கும் முறையும் உண்டு. தொழிற்சாலையில் பூசிய மூலப் பூச்சு கெடாமல் நிற்பதால், கடலோரத்தில் இதுவே முதலில் எண்ணத்தக்கது.

தொழிலாளர் உடல்நலம்

பட்டியிலிருந்து எழும் கடுமணம் ஸ்டைரீனுடையது. இது தலைவலியையும் மயக்க உணர்வையும் தரும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரீனை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. தேய்க்கும்போது எழும் நுண்புழுதி நுரையீரலை அடையும். பழைய வண்ணங்களைத் தேய்க்கும்போது அவற்றிலுள்ள ஈயமும் குரோமியமும் புழுதியில் கலக்கலாம். இந்தியாவில் வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் என வரையறுத்த 2016-ஆம் ஆண்டு விதிகள், வீட்டு உபயோக, அலங்காரப் பூச்சுகளுக்கு உரியவை.

இரு கூறு கொண்ட பாலியூரித்தேன் வண்ணங்களின் கெட்டியாக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. தொழில்சார் ஆஸ்துமாவுக்கு இவை முதன்மைக் காரணங்களில் ஒன்று. ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் பிறகு மிகச் சிறு அளவும் மூச்சுத் திணறலைத் தூண்டும். தொழிலையே விட நேரிடும். முகத்தில் கட்டும் கைக்குட்டையோ புழுதி முகமூடியோ இந்த ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்று செலுத்தப்படும் முகமூடியும் காற்றோட்டமுள்ள தனி அறையும் வேண்டும். தெருவோரத் தகரக் கொட்டகையில் வேலை நடக்கும்போது, அருகில் தேநீர் குடிப்பவரும் குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர்.

பயிற்சி

இத்தொழிலைப் பெரும்பாலோர் பட்டறையில் மூத்த தொழிலாளியிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்கின்றனர். தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான தேசியப் பாடத்திட்டத்தில் வாகன உடல் பழுதுபார்த்தலும் வாகன வண்ணம் பூசுதலும் தனித்தனி ஓராண்டுப் பிரிவுகளாக உள்ளன.

செலவும் காப்பீடும்

இந்தியாவில் முழுமைக் காப்பீட்டின்படி இழப்பீடு கோரும்போது, வண்ணம் பூசும் வேலையில் பொருட்செலவின் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. தேய்மானமில்லாக் கூடுதல் காப்பு எடுத்தவர்களுக்கு இந்தக் கழிவு இல்லை. ஆண்டு முழுதும் இழப்பீடு கோராதவருக்கு அடுத்த ஆண்டு 20 விழுக்காடு முதல், தொடர்ந்து கோராத ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை, சொந்தச் சேதக் கட்டணத்தில் சலுகை உண்டு. சிறு ஒடுக்குக்காக இழப்பீடு கோரினால் இந்தச் சலுகை போய்விடும். எனவே பட்டறைக் கட்டணத்தையும் இழக்கும் சலுகையையும் ஒப்பிட்டு முடிவு செய்வது வழக்கம்.

பழைய கார் வாங்கும்போது

பழைய கார் வாங்குவோருக்குப் பட்டி ஒரு தடயம். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின் மேல் ஓட்டினால், பட்டி கனமாக உள்ள இடத்தில் காந்தத்தின் பிடி தளரும். வண்ணத் தடிப்பை அளக்கும் கருவி இன்னும் துல்லியமானது. தொழிற்சாலை வண்ணம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 1,000 மைக்ரான், அதாவது 1 மில்லிமீட்டர் காட்டினால் அடியில் பட்டி உள்ளது. அலுமினியம், பிளாஸ்டிக் பாகங்களில் காந்தச் சோதனை பயன்படாது. காரின் பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்தின் பிரதிபலிப்பைப் பார்த்தால் அலைவு தெரியும். கதவு இடைவெளி சீராக இல்லாததும், ரப்பர் விளிம்புகளில் வண்ணத் தெறிப்பு இருப்பதும் பழுதுபார்த்ததன் அடையாளங்கள்.

பட்டி இருப்பது மட்டுமே ஏமாற்று ஆகாது. பழுதுபார்ப்பின் ரசீதும் வேலையின்போது எடுத்த படமும் இருந்து, கதவின் நடுவே மெல்லிய பட்டி இருந்தால் அது நேர்மையான வேலை. கதவின் அடிவிளிம்பிலோ சக்கர வளைவிலோ தரையோரத்திலோ கனத்த பட்டி இருந்தால், அடியில் துரு இருக்கும் வாய்ப்பு அதிகம். கடலோர ஊர்களில் ஓடிய காரை வாங்குவோர், மினுங்கும் வெளிப்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் கதவைத் திறந்து அடிவிளிம்பையும், மிதியடி விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டையும் பார்ப்பது பயன் தரும்.